“என்ன சார், என்னை நம்ப மாட்டீங்களா?”

“ஆப்ல ஆர்டர் போட்டா கமிஷன் போயிடும் சார். நேரா ஜிபே பண்ணிடுங்க, ரெண்டாயிரம் குறைச்சுத் தரேன்.”

பழைய கேமராவாக இருக்கலாம், செல்போனாக இருக்கலாம், ஊட்டியில் இரண்டு நாள் தங்க ஓர் அறையாக இருக்கலாம். பொருள் மாறும், பேச்சு மாறாது. இதைக் கேட்டதும் நம் மனம் அந்த இரண்டாயிரத்தைக் கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறது. அதற்கு முன் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. இங்கே கிடைக்கும் வாடிக்கையாளரை வெளியே அழைத்துப்போய் விற்க மாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் இந்த விற்பனையாளர் அந்த இணையத் தளத்தில் கடை விரித்தார். பெரிய சந்தைத் தளங்கள் பலவற்றில் இந்த நிபந்தனை உண்டு. அதை மீறுவதுதான் நம்மிடம் அவர் செய்யும் முதல் காரியம். நம் கண்ணெதிரே ஒருவருக்குக் கொடுத்த வாக்கை முறிக்கிறார். நமக்குக் கொடுக்கும் வாக்கை மட்டும் காப்பாற்றுவார் என்று நாம் முன்பணம் அனுப்புகிறோம். என்ன ஆதாரத்தில்? முறித்தது நமக்கு லாபமாக இருந்தது என்பதைத் தவிர வேறு ஆதாரம் எதுவும் நம் கையில் இல்லை.

அந்தத் தள்ளுபடி எங்கிருந்து வருகிறது என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். விற்பவரை நமக்குத் தேடிக் கொடுத்தது தளம். அதற்கான கூலியைக் கொடுக்காமல் இருவரும் பங்கு போட்டுக்கொள்கிறோம். ஆக, ஏமாற்றுக்கு உடன்பட்டுத்தான் அந்தப் பேரம் தொடங்குகிறது. இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும். “பெரிய கம்பெனிக்கு நஷ்டமானா என்ன?” என்பார்கள். கம்பெனிக்காக நான் வருந்தவில்லை. விதியை மீறுவதில் பங்காளியாகிவிட்ட பிறகு, விதியின் பாதுகாப்பை எங்கே போய்க் கேட்பது என்றுதான் கேட்கிறேன்.

தளத்தின் பணம் கட்டும் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தால், வெளியே போகும்போது எதை இழக்கிறோம் என்பது விளங்கும். அங்கே நாம் கட்டும் பணம் உடனே விற்பவர் கைக்குப் போவதில்லை. வணிகர்களுக்காகப் பணம் வசூலித்துத் தரும் நிறுவனங்கள் அதை வங்கியில் தனியாக ஓர் எஸ்க்ரோ கணக்கில் வைக்க வேண்டும் என்று 2020 மார்ச்சில் ரிசர்வ் வங்கி நெறிமுறை வகுத்தது. பொருள் வரவில்லை என்றால் போய்க் கேட்க ஓர் இடம் இருக்கிறது. மின்வணிகத்துக்கான 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் விதிகளின்படி, நம் புகார் வந்து சேர்ந்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க ஓர் அதிகாரி இருந்தாக வேண்டும். தளங்களில் போலிப் பொருள் வருவதில்லையா, பணத்தைத் திருப்பித் தர அலைக்கழிப்பதில்லையா? நடக்கிறது. ஆனால் அங்கே சண்டை போட ஓர் எதிராளி இருக்கிறார், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்ல ஒரு பெயர் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் பேசி நேராக அனுப்பிய பணம் நொடியில் அவர் கணக்கில் விழுந்துவிடுகிறது. அதன்பின் பொருளை அனுப்ப அவருக்கு மிச்சமிருக்கும் ஒரே காரணம் அவருடைய மனசாட்சி.

“அந்தக் காலத்தில் வாய்ச்சொல்லுக்கு மதிப்பு இருந்தது, நம்பிக்கையில்தான் வியாபாரம் நடந்தது” என்று பெருமூச்சு விடுபவர்கள் உண்டு. அவர்கள் அந்தக் காலத்துப் பத்திரிகைகளின் விளம்பரப் பக்கங்களைப் புரட்டிப் பார்க்க வேண்டும். தலைவலித் தைலம், கைக்கடிகாரம், ஜோதிடப் புத்தகம் எல்லாவற்றின் அடியிலும் ‘வி.பி.பி.யில் அனுப்பப்படும்’ என்று இருக்கும். இந்தியத் தபால் துறை இந்த முறையை 1877-இல் கொண்டுவந்தது. பார்சலைத் தபால்காரர் கொண்டுவருவார், பணத்தைக் கொடுத்துப் பெற்றுக்கொள்ள வேண்டும், பணம் மணியார்டராக அனுப்பியவருக்குப் போகும். இதோடு நிற்கவில்லை. ஆர்டர் கொடுக்காத யாருக்கோ அனுப்பிப் பணம் பறிக்கக் கூடாது என்பதற்காக, உண்மையாகவே வந்த ஆர்டரின்பேரில்தான் அனுப்புகிறேன் என்று அனுப்புபவரிடம் உறுதிமொழி வாங்கினார்கள். பெட்டிக்குள் மோசடி இருந்தால் வசூலித்த பணத்தை நிறுத்திவைத்து வாங்கியவருக்கே திருப்பித் தர விதி செய்யவும் 1898-ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டத்தில் இடம் இருந்தது. மோசடி நடக்கும் என்று எதிர்பார்த்து, அதற்கு வழி செய்துவிட்டுத்தான் நம் முன்னோர் பார்சல் வாங்கினார்கள். 2010-இல் ஃபிளிப்கார்ட் கொண்டுவந்த ‘கேஷ் ஆன் டெலிவரி’ இதே யோசனைதான்.

சீனாவின் தாவ்பாவ் தளத்தின் கதையும் இப்படித்தான் தொடங்குகிறது. 2003 அக்டோபரில் சியான் நகர மாணவர் ஒருவர், ஜப்பானில் இருந்த விற்பனையாளரிடம் பழைய ஃபூஜி கேமரா ஒன்றை வாங்க விரும்பினார். இருவரும் முன்பின் அறியாதவர்கள். பணத்தைத் தளம் வாங்கி வைத்துக்கொண்டது, கேமரா கைக்கு வந்த பிறகே விற்றவருக்குக் கொடுத்தது. பிறகு அலிபே என்று பெயர் பெற்ற பெரிய நிறுவனம் இந்த ஏற்பாட்டிலிருந்து வளர்ந்ததுதான். அமெரிக்காவில் 1995-இல் ஈபேயைத் தொடங்கிய பியர் ஓமிடியார், மனிதர்களில் பெரும்பாலோர் நேர்மையானவர்கள் என்று உறுதியாக நம்பியவர். அவரும் மறு ஆண்டே, வாங்குபவரும் விற்பவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் எல்லோரும் பார்க்க எழுதிவைக்கும் முறையைக் கொண்டுவந்தார். மனிதர்மேல் நல்லெண்ணம் வைப்பதற்கும் சோதிப்பதற்கும் பகை ஒன்றும் இல்லை.

சோதிப்பது எப்படி என்று காட்டியவர் ஒருவர் உண்டு. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் கற்பித்த டாக்டர் ஆபிரகாம் கோவூரைத் தமிழ் வாசகர்கள் பலர் அறிவார்கள். 1963-இல் அவர் ஒரு சவால் விட்டார். ஏமாற்ற வழியில்லாத சூழ்நிலையில் ஓர் அற்புதத்தைச் செய்து காட்டுபவருக்கு இலங்கை ரூபாய் ஒரு லட்சம். 1978-இல் அவர் இறக்கும்வரை அந்தப் பரிசை யாரும் வெல்லவில்லை. சாமியார்களோடு அவர் வேதாந்தச் சண்டை போடவில்லை. ‘செய்யுங்கள், ஆனால் நான் வைக்கும் நிபந்தனையில் செய்யுங்கள்’ என்றார். சக்தி உண்மையானால் நிபந்தனை அதைக் கெடுக்கப்போவதில்லை. விற்பவரிடமும் இதைத்தான் கேட்க வேண்டும். பொருள் உண்மையாகவே உங்களிடம் இருக்கிறதென்றால் தளத்தின் வழியாகவே விற்றால் என்ன? கமிஷன்தான் தடை என்றால் அதை நானே தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். நேர்மையான ஆள் சந்தோஷமாக ஒப்புக்கொள்வார். மற்றவருக்கு அப்போதுதான் திடீரென்று ஆப் வேலை செய்யாது, கணக்கு முடங்கியிருக்கும், வேறு ஒருவர் அட்வான்ஸ் போடத் தயாராக நிற்பார்.

இவ்வளவு எளிய கேள்வியை நாம் ஏன் கேட்பதில்லை? பேச்சு ஓரளவு போனதும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வாக்கியம் வரும்: “என்ன சார், என்னை நம்ப மாட்டீங்களா?” அத்தோடு நமக்குக் கூச்சம் வந்துவிடுகிறது. பெரியவர் சொன்னால் எதிர்த்துக் கேட்காதே, கொடுத்ததை எண்ணிப் பார்க்காதே, ரசீது கேட்டால் மனசு நோகும் என்றெல்லாம் சொல்லித்தான் நம்மை வளர்த்திருக்கிறார்கள். கேள்வி கேட்பது அவமரியாதை என்று பழக்கப்பட்ட மனம், முகம் தெரியாத ஒருவரிடம் அந்த மரியாதையைக் காட்டிப் பணத்தை அனுப்புகிறது. ஏமாந்தவர்களிடம் பேசிப் பாருங்கள். “சந்தேகம் வந்துச்சு, கேட்கத்தான் ஒரு மாதிரி இருந்துச்சு” என்பார்கள். சந்தேகிக்கும் அறிவு அவர்களுக்கு இல்லாமல் இல்லை. அதை வாய்விட்டுச் சொல்லும் உரிமை தங்களுக்கு உண்டு என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

மோசடிக்காரர்கள் இதை நன்றாகப் படித்திருக்கிறார்கள். பழைய பொருள் விற்கும் தளங்களில் வருடக்கணக்காக ஓடும் ஒரு வேடம் இருக்கிறது. ‘ராணுவத்தில் இருக்கிறேன், இடமாற்றம் வந்துவிட்டது, புல்லட்டைக் குறைந்த விலைக்குத் தருகிறேன்.’ சீருடையில் ஒரு படம் வரும், அடையாள அட்டை வரும், ஆதார்கூட வரும். எல்லாம் வேறு யாரிடமோ திருடியவை. பிறகு வண்டி ராணுவப் பார்சலில் வருகிறது என்று கூலி, அப்புறம் ஜிஎஸ்டி, அப்புறம் திருப்பித் தரப்படும் முன்வைப்புத் தொகை. நாட்டைக் காப்பவரிடமே ரசீது கேட்பதா என்று நாம் நாக்கைக் கடித்துக்கொள்ளும் இடத்தில்தான் இந்தத் திருட்டு நிற்கிறது. சீருடை இல்லாத இடத்தில் சொந்த ஊர், சாதி, வாட்ஸ்அப் முகப்பில் ஒரு முருகன் படம், “நாங்களும் உங்க பக்கம்தான்” என்ற ஒரு சொல். எதன் முன்னால் நாம் கேள்வியை நிறுத்துகிறோமோ, அதை அவர்கள் அணிந்துகொண்டு வருகிறார்கள். எதன் முன்னாலும் கேள்வியை நிறுத்தாத மனம்தான் எனக்குத் தெரிந்தவரை ஒரே பாதுகாப்பு.

பணம் போன பிறகு ஊர் சொல்லும் தீர்ப்பு இதைவிடக் கொடியது. “பேராசைப்பட்டான், பட்டுத் தொலைச்சான்.” சம்பளத்தில் மிச்சம் பிடித்து மகளுக்கு ஒரு பழைய லேப்டாப் வாங்கப் பார்த்தவருக்கு என்ன பேராசை? இரண்டாயிரம் குறைவாகக் கிடைத்தால் நல்லது என்று நினைப்பதை ஆசை என்று வேண்டுமானால் சொல்லலாம், அது எல்லோருக்கும் உண்டு. அவர் செய்தது பிழைதான், மேலே நானே சொன்னேன். ஆனால் அந்தப் பிழைக்குத் தண்டனை ஒரு மாதச் சம்பளம் என்று தீர்ப்புச் சொல்வது, முன்வினை என்று நோயாளியைப் பார்த்துச் சொல்வதற்குச் சமம். துன்பத்துக்குக் காரணம் துன்பப்பட்டவரிடமே இருக்கிறது என்று நம்பினால், நாம் பத்திரமாக இருக்கிறோம் என்ற ஆறுதல் கிடைக்கிறது. அந்த ஆறுதலின் நிழலில் திருடன் தப்பிப் போகிறான். அவனுக்கு வங்கிக் கணக்கை வாடகைக்கு விட்டவன் தப்புகிறான், ஆளைச் சரியாக விசாரிக்காமல் அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்த வங்கியும் தப்புகிறது.

வங்கியைச் சேர்த்துச் சொல்லக் காரணம் உண்டு. நமக்குத் தெரியாமல் கணக்கிலிருந்து பணம் போனால், தவறு நம்முடையதாக இல்லாதபோது மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் இழப்பு நம்மைச் சேராது என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி சொன்னது. ஆனால் ஏமாந்து நாமே பின் எண்ணைப் போட்டு அனுப்பிய பணம் அந்தக் கணக்கில் வராது. பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல் இப்படி ஏமாற்றப்பட்டு அனுப்பிய உள்நாட்டுப் பணத்தையும் 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும். அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் ஆளுக்குப் பாதி ஏற்க வேண்டும். திருடனின் கணக்கை வைத்திருக்கும் வங்கிக்கும் நஷ்டம் வரும் என்றால்தான் அது தன் வாடிக்கையாளர்களை உற்றுப் பார்க்கும். அங்கே செய்ய முடிந்ததை இங்கே ஏன் கேட்கக் கூடாது?

அப்படியானால் தளத்துக்கு வெளியே விற்கும் நெசவாளரிடமும் ஊறுகாய் போட்டு விற்கும் அக்காவிடமும் வாங்கவே கூடாதா? வாங்க வேண்டும். அவர்கள் ஒரு தளத்துக்கு வாக்குக் கொடுத்து அதை முறிப்பவர்கள் இல்லை, தொடக்கத்திலிருந்தே தனியாக விற்பவர்கள். அவர்களிடமும் சோதனைக்கு வழி இருக்கிறது. பொருள் கைக்கு வந்த பின் பணம், அல்லது முதலில் ஒரு சேலை, ஒரு பாட்டில், பிறகு பெரிய ஆர்டர். கடை முகவரிக்கு நேரில் போகலாம். இதைக் கேட்டால் நல்ல வியாபாரி கோபப்படுவதில்லை. கேட்காமல் கண்ணை மூடிக்கொண்டு பணம் போடுவதுதான் அவருக்குச் செய்யும் துரோகம். தரத்தைச் சோதிக்க வழியில்லாத சந்தையில் மோசமான சரக்கு நல்ல சரக்கை விரட்டிவிடும் என்று பழைய கார் வியாபாரத்தை வைத்து 1970-இல் ஜார்ஜ் அகர்லோஃப் விளக்கினார். அதற்காக 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நாலு தடவை ஏமாந்த ஊர் ஐந்தாவதாக வரும் நேர்மையான நெசவாளரையும் திருப்பி அனுப்பிவிடும்.

தீபாவளிப் பட்டாசைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆன்லைனில் பட்டாசு விற்கக் கூடாது என்று 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அதனால் பட்டாசுக்கு முறையான இணையச் சந்தையே கிடையாது. ‘சிவகாசி நேரடி விலை’ என்ற பெயரில் சமூக ஊடகங்களில் வருபவற்றில் எது உண்மையான கடை, எது வெறும் படம் என்று வாங்குபவருக்குக் காட்டித்தர எந்த ஏற்பாடும் இல்லை. தமிழ்நாடு சைபர் க்ரைம் போலீஸ் எச்சரிக்கை விட்டும் பணம் போய்க்கொண்டே இருக்கிறது. இதில் ஏமாந்தவர் போலீஸுக்குப் போக இன்னும் தயங்குகிறார். வாங்கியதே தப்பு, இதில் புகார் வேறா என்று மனைவியிடம்கூடச் சொல்வதில்லை.

இப்படிப் பணம் பறிகொடுத்த எவரும் புகார் செய்ய வேண்டிய எண் 1930. அழைத்தால் பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ அதை நிறுத்திவைக்கச் சொல்லி வங்கிகளுக்குத் தகவல் போகும். பணம் கைமாறிக் கைமாறி ஏடிஎம்மில் ரொக்கமாக வெளியேறும் முன் பிடித்தால்தான் உண்டு, ஆகவே எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவு நல்லது. தொகை சிறியது என்பதற்காக விடக் கூடாது. இரண்டாயிரம் போனவர் வெட்கப்பட்டு வாய் திறக்காமல் இருந்தால், அதே கணக்கு நாளைக்கு இன்னொருவரின் பணத்தை வாங்கத் திறந்தே இருக்கும்.