உருவப்படமும் பிற்கால அறிவும்

ஓவியமொன்றை விளக்குவோர், அதனைத் தீட்டியவர் அறிந்திராத ஒன்றை அதனுட் காண உரிமையுடையவரா? அழகியல் சார்ந்ததாகத் தோன்றும் இவ்வினா ஓர் அறவியல் வினாவுமாகும்.

இலண்டன் தேசிய கலைக்கூடத்தில், அந்தனி வன் டைக் ஏறத்தாழ 1638ஆம் ஆண்டில் தீட்டிய இரட்டை உருவப்படம் ஒன்றுளது. முதலாம் சாள்ஸ் மன்னனின் உறவினரான ஜோன் ஸ்ருவேட், பேர்னாட் ஸ்ருவேட் என்னும் பிரபுகுலச் சகோதரர் அதில் முழு உருவில் நிற்கின்றனர். இருவரும் இருபது வயதை எட்டாதவர்கள். மூத்தவர் பொன்னிறப் பட்டுடையிற் கற்பீடமொன்றிற் சாய்ந்து எங்கோ நோக்குகின்றார். இளையவர் ஒரு காலைப் படியில் ஊன்றி, மேலங்கியின் வெள்ளிநிற உட்பட்டு ஒளிர, நம்மைத் திரும்பிப் பார்க்கின்றார்.

1642இல் இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் மூண்டது. மன்னன் பக்கம் நின்று பொருத ஜோன், 1644இல் செரிற்றன் களத்திற் பட்ட காயங்களால் இறந்தார். மறு ஆண்டில் றௌற்றன் ஹீத் போரிற் பேர்னாட்டும் மாண்டார்.

இவ்வரலாற்றை அறியாதோர் இளையவரின் பார்வையிற் குலச்செருக்கைக் காண்பர். அறிந்தோர் அதே பார்வையில் மரணத்தின் நிழலைக் காண்பர். ஓவியரோ 1641இலேயே காலமாகிவிட்டார். தாம் காணாத போரின் சோகத்தை அவர் அம்முகங்களில் எழுதியிருத்தல் இயலாது. 1639இன் தொடக்கத்தில் இச்சகோதரர் மூன்றாண்டு ஐரோப்பியப் பயணம் மேற்கொண்டனர். அதற்குச் சற்று முன்னரே இப்படம் எழுதப்பெற்றதெனக் கருதப்படுகின்றது. அப்போது அவர்கள் எதிர்நோக்கியிருந்தது அப்பயணத்தையே.

ஆயின், பிற்கால அறிவை முற்றாக ஒதுக்கிவிடல் வேண்டுமா? அஃது இயலாது, வேண்டுவதுமன்று. இளமையில் மாண்டோர்க்கு இரங்குதல் மனித இயல்பு. நமது இரக்கத்தை அவர்தம் முகத்தின் பண்பாகக் கொள்ளும்போதே தவறு நேர்கின்றது. அதனால் இரு அநீதிகள் விளைகின்றன. முதலாவது, இறந்தோரின் வாழ்வு முழுவதையும் அவர்தம் முடிவுக்கான முன்னுரையாகச் சுருக்கிவிடுகின்றோம். முடிவறியாது வாழ்ந்தமையே அவர் வாழ்வின் உண்மை. நமது வாழ்வின் உண்மையும் அதுவே. இரண்டாவது, அழகிய முகங்களின்பாற் செல்லும் இரக்கம், அப்படம் பறைசாற்றும் குல அதிகாரத்தை மறக்கச் செய்கின்றது. அதே களங்களில் வீழ்ந்த சாதாரணப் படைவீரரை வன் டைக்கின் தூரிகை தீண்டவில்லை. முகம் எஞ்சாமையால் அவர்க்குரிய இரக்கம் குறைதல் நீதியாகுமோ?

ஆகவே, படத்தில் உள்ளது எது, நாம் கொண்டுவருவது எது எனப் பிரித்தறிதலே விளக்குவோரின் முதற் கடமை. செருக்கைப் படத்தினதாகவும் இரக்கத்தைத் தம்முடையதாகவும் ஏற்றுக்கொள்வோரே அச்சகோதரரை நேர்மையுடன் நோக்கியவராவர்.