பிழையோடு இருக்கும் தவம்

கன்னியாகுமரி மாவட்டத்துக் குமாரகோவிலிலிருந்து நவராத்திரிக்காகத் திருவனந்தபுரம் வரும் வேளிமலை முருகன், விஜயதசமியன்று பூஜப்புரை மண்டபத்துக்கு எழுந்தருளுகிறார். அன்று அங்கே பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கிறார்கள். அதே பூஜப்புரையில்தான் கேரளப் பள்ளிகளின் கணினிக் கல்வியை நடத்தும் 'கைட்' நிறுவனத்தின் தலைமையகமும் இருக்கிறது. 2001இல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்ற திட்டமாகத் தொடங்கி 2017இல் அரசு நிறுவனமாக மாறியது அது. தொடக்க வகுப்புகளுக்கான அதன் கணினிப் பாடநூலுக்கு 'களிப்பெட்டி', அதாவது விளையாட்டுப் பெட்டி என்று பெயர். மேல்வகுப்புகளில் 'ஸ்கிராட்ச்' என்ற காட்சிவழி நிரல்மொழியின் கட்டங்களைக் கோத்து நிரல் எழுதுகிறார்கள். பிறகு, எழுத்தாலேயே நிரல் எழுதும் பைத்தான் மொழி வருகிறது. 2018இல் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் இயங்குகின்றன. கல்வியைத் தவமாகப் போற்றி வந்த மண்ணில் விளையாட்டும் உதவிக் கருவிகளும் இப்படிப் பாடத்துக்குள் வந்தபிறகு, ஒரு பழைய கேள்விக்கு மறுபடியும் விடை தேட வேண்டியிருக்கிறது: வருந்தாமல் வந்த அறிவு அறிவாகுமா?

இதற்கு விடை காண, ஒரு பிள்ளை விளையாட்டுச் செய்யும்போது என்ன நடக்கிறது என்று உற்றுப் பார்க்க வேண்டும். விளையாடுவது வேறு, விளையாட்டைச் செய்வது வேறு. விளையாடுகிறவர் யாரோ வகுத்த விதிக்குள் நடக்கிறார். செய்கிறவர் விதியையே வகுக்கிறார். மேலிருந்து விழும் பந்தைத் தட்டில் ஏந்தும் எளிய விளையாட்டையே எடுத்துக்கொள்வோம். பந்து தட்டைத் தொட்டால் ஒரு புள்ளி கூட வேண்டும் என்று பிள்ளை நிரல் எழுதுகிறாள். ஓட்டிப் பார்த்தால் ஒரே தொடுகைக்குப் பத்துப் பதினைந்து புள்ளிகள் ஏறிவிடுகின்றன. கணினி தவறு செய்யவில்லை. 'தொடுகிறதா' என்று நொடிக்குப் பலமுறை கேட்கும்படி அவள்தான் சொல்லியிருக்கிறாள். பந்து தட்டில் இருக்கும் அந்தச் சிறு நேரத்துக்குள் அத்தனை முறையும் 'ஆம்' என்று விடை வந்திருக்கிறது. தான் நினைத்ததும் தான் சொன்னதும் ஒன்றல்ல என்பதை அவள் அங்கே கண்ணால் காண்கிறாள். ஜெனீவாவில் குழந்தை உளவியலாளர் பியாஜேயுடன் பணியாற்றிய சீமோர் பேப்பர்ட், 1967இல் வாலி ஃபோய்ர்ட்சைக், சிந்தியா சாலமன் ஆகியோரோடு சேர்ந்து குழந்தைகளுக்கான 'லோகோ' நிரல்மொழியை உருவாக்கினார். 1980இல் வெளிவந்த அவருடைய 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' நூலின் உயிர்க்கருத்து இதுதான்: பிழை வெட்கப்பட வேண்டிய குற்றமன்று, ஆராய வேண்டிய பொருள்.

தவம் என்பது உடலை வருத்துவது மட்டுமே என்றால் இதில் தவம் இல்லைதான். ஆனால் கவனத்தை ஒரு பொருளில் நிறுத்தி, 'நான் சொன்னதே சரி' என்ற எண்ணத்தை உண்மைக்கு முன் இறக்கி வைப்பது தவம் என்றால், புள்ளிகள் ஏன் பெருகின என்று தேடும் பிள்ளை அதைத்தான் செய்கிறாள். சிவனே பாடிக் கொடுத்தாலும் பிழை பிழைதான் என்று நின்ற நக்கீரரை நம் மரபு கொண்டாடுகிறது. கணினியும் ஆள் பார்ப்பதில்லை. அதோடு கோபிப்பதும் இல்லை. பிரம்பும் ஏளனமும் ஆண்ட வகுப்பறையில் பிழையும் அவமானமும் ஒன்றாக ஒட்டிக்கொண்டன. பிழையை மறைக்கக் கற்ற பிள்ளைக்கு அதை ஆராயும் வழி அடைபட்டுப் போனது. முதல் எழுத்தை அரிசியிலும் மணலிலும் எழுதவைத்த முன்னோர் இதை உணர்ந்தே இருந்தார்கள் என்று எண்ணத் தோன்றுகிறது: தொடங்குகிறவருக்கு வேண்டியது அழித்து அழித்து எழுதத் தக்க ஒரு பரப்பு. விளையாட்டு அற்பமானது என்பாருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். படைப்பையே லீலை என்கிறது வேதாந்தம். மதுரைச் சிவனின் செயல்களைத் திருவிளையாடல் என்றே வழங்குகிறது சைவம். அங்கெல்லாம் விளையாட்டு என்பது எந்த நிர்ப்பந்தமும் இல்லாமல் முழு மனத்தோடு செய்யும் செயல். யாரும் ஏவாமலே ஐந்தாம் முறையும் திருத்திப் பார்க்கும் பிள்ளையிடம் அந்த முழுமனம் இருக்கிறது.

கருவிகளைப் பற்றிய மறுப்பு இதைவிட வலுவானது. 2007இல் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகம் வெளியிட்ட ஸ்கிராட்சில் அரைப்புள்ளி விட்டுப்போகாது. பொருந்தாத கட்டங்கள் ஒட்டவே ஒட்டாது. இப்படிப் பாதையை மழமழவென்று ஆக்கிவிட்டால் அடித்தளம் பலவீனப்படாதா? இங்கே இருவகைத் தடைகளைப் பிரித்தறிய வேண்டும். எழுத்துக்கூட்டும் குறியீடும் தரும் தடை ஒன்று. எண்ணத்தில் உள்ள முரண் தரும் தடை மற்றொன்று. ஸ்கிராட்ச் நீக்குவது முதலாவதை மட்டுமே. புள்ளிகள் பெருகும் சிக்கலை எந்தக் கட்டமும் அவளுக்காகத் தீர்க்காது. முதலாவதும் ஒருநாள் கற்க வேண்டியதுதான், அதற்குத்தான் பைத்தான். ஆனால் அதை வாசலில் நிறுத்திவைத்தால் சிந்தனையைத் தொடும் முன்பே பலர் திரும்பிவிடுவார்கள். பலனில் பற்று வைக்காதே என்ற கீதையின் அறிவுரையைக் காட்டி, விளையாட்டின் கவர்ச்சி பலனாசைதானே என்றும் கேட்கலாம். ஆசை வாசல்வரை அழைத்து வருகிறது என்பது உண்மை. பிழையைச் சந்தித்ததும் கவனம் பலனை விட்டுச் செயலுக்குள் இறங்கிவிடுகிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் நட்சத்திரமும் பதக்கமும் கொடுத்து ஆசையை அணையாமல் வளர்க்கும் செயலிகளுக்கு இந்த நியாயம் பொருந்தாது. அவற்றை நான் ஏற்கவில்லை.

அப்படியானால் எந்தக் கருவி நல்லது? ஆயுத பூஜையன்று கருவியைச் சாமிமுன் வைத்துவிட்டு ஒருநாள் அதைத் தொடாமல் இருக்கிறோம். கருவிக்கு நன்றி சொல்லும் அந்த நாளிலேயே, அது இல்லாமல் நம்மிடம் என்ன எஞ்சுகிறது என்றும் கேட்டுக்கொள்ளலாம். கேட்டதும் முழு விளையாட்டையும் எழுதிக் கொடுக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவியை இந்தக் கேள்விமுன் நிறுத்திப் பாருங்கள். பந்து விழும், புள்ளி சரியாக ஏறும். ஆனால் புள்ளி ஏன் சரியாக ஏறுகிறது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. தொழிலில் எல்லோரும் அதைத்தானே பயன்படுத்துகிறார்கள் என்பார்கள். தொழில்முறை நிரலாளர் அதன் விடையைச் சோதிக்க வல்லவர். தொடங்குகிறவருக்கு அந்த வல்லமை இனிமேல்தான் வர வேண்டும், அது வரும் வழியோ தன் பிழையைத் தானே கண்டுபிடிப்பது. ஆகவே இந்தக் கருவிகளைப் பள்ளிக்கு வெளியே துரத்த வேண்டியதில்லை, திறந்து காட்டினால் போதும். கேரளத்தின் ஏழாம் வகுப்புப் பாடநூல் 2024இல் அந்த வழியைத்தான் எடுத்தது: முகபாவத்தை அடையாளம் காணும் ஒரு செயற்கை நுண்ணறிவு நிரலைப் பிள்ளைகளையே செய்யச் சொன்னது. தாங்கள் கொடுத்த எடுத்துக்காட்டுகள் குறைபட்டால் இயந்திரமும் தவறும் என்று கண்ட பிள்ளைகள் அதை எளிதில் வழிபட மாட்டார்கள்.

கடைசிப் பொறுப்பு ஆசிரியருடையது. நாற்பது பிள்ளைகள், குறுகிய பாடவேளை. திணறும் பிள்ளையின் மவுஸை வாங்கி இரண்டு சொடுக்கில் சரிசெய்துவிடத் தோன்றும். அன்பினால் செய்தாலும் அது அவளுக்கு உரியதை எடுத்துக்கொள்வதாகும். 'என்ன நடக்கும் என்று நினைத்தாய், என்ன நடந்தது?' என்று கேட்டுவிட்டு அடுத்த பிள்ளையிடம் போவதே அவர் செய்யக்கூடிய பேருதவி. மதிப்பெண் கொடுக்கும்போது முடிந்த விளையாட்டைவிடத் திருத்திய பிழைக்கும், அதை அவள் விளக்கும் விதத்துக்கும் கூடுதல் எடை தர வேண்டும். இந்தப் பயிற்சி தேர்வெழுதி 'லிட்டில் கைட்ஸ்' மன்றத்தில் சேர்ந்தவர்களோடு நின்றுவிடாமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும். தன் சொல்லைத் தானே சோதித்து, தவறென்றால் கூசாமல் திருத்திக்கொள்ளும் பழக்கம் நிரலாளராகப் போகிறவர்களுக்கு மட்டும் உரியதன்று. உண்மையைத் தேடும் எவருக்கும் அதுவே முதல் பாடம்.