மீட்டுருவாக்கமும் மெய்ம்மையும்: அம்பாசிடர் ஊர்தியின் செயற்கை நுண்ணறிவுப் படங்களை முன்வைத்து

பழம்பொருளொன்றை மீட்டுருவாக்குங்கால் அறியப்படாத பகுதியை என் செய்வது என்பது பதிப்பாசிரியர்கள் நெடுங்காலமாக எதிர்கொண்டுவரும் அறச்சிக்கலாகும். செயற்கை நுண்ணறிவு இச்சிக்கலை இன்று ஊர்திகளின் உலகிற்கும் கொணர்ந்துள்ளது. அமெரிக்காவில் 1964இல் வெளிவந்த மஸ்டாங் போன்ற ஊர்திகளைச் சொற்களால் விவரித்துப் படமாக்கும் வழக்கம் 2022க்குப் பின் பரவியது. இந்தியாவில் அவ்வாறு படமாக்கப்படுவனவற்றுள் அம்பாசிடர் குறிப்பிடத்தக்கது.

இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையை அடியொற்றி, இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் 1950களின் பிற்பகுதியில் தொடங்கிய உற்பத்தி 2014இல் நின்றது. அம்பாசிடர் என்னும் பெயருரிமை 2017இல் பிரான்சின் பேஷோ நிறுவனத்திற்கு 80 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. திருவனந்தபுரத்தில் அரசு வாயில்கள்தோறும் வெண்ணிறத்தில் நின்ற அவ்வூர்தியைக் கண்டு வளர்ந்த தலைமுறைக்கு அது அதிகாரத்தின் உருவமும்கூட.

படக்கருவி எந்த ஓர் ஊர்தியையும் பார்த்து வரைவதில்லை. எண்ணற்ற ஒளிப்படங்களிலிருந்து வடிவ ஒழுங்குகளைக் கற்று, ஒழுங்கற்ற புள்ளிப்பரப்பொன்றைப் படிப்படியாகத் தெளிவித்து உருவாக்குகிறது. ஆகவே வெவ்வேறு மார்க் வகைகளின் முகப்புக் கம்பிவலையும் விளக்கமைப்பும் ஒரே உடலில் கூடுதல் இயல்பு. அக்காலவழு பழைய ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியும், ஏனையோர்க்குத் தெரியாது.

உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். அந்நூலின் 267, 268ஆம் பாடல்கள் இன்றளவும் கிடைத்தில. யாப்பில் வல்ல ஒருவர்க்கு அத்துறையில் இரு பாடல்கள் இயற்றுதல் அரிதன்று. ஆயினும் அவ்விரு எண்களும் வெறுமையாகவே நிற்கின்றன. 1940இல் சங்க இலக்கியச் சமாஜப் பதிப்பைத் தந்து, பின்னர்த் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய எஸ். வையாபுரிப் பிள்ளையும் சுவடிச் சான்றைத் தம் சுவைக்கு மேலாக மதித்தவரே. இடைவெளி காண்பவன் ஏடு தேடுவான். நிரப்பப்பட்டதைக் காண்பவனுக்குத் தேடவேண்டிய தேவையில்லை.

கிளிமானூர் இரவிவர்மா தாம் காணாத சகுந்தலையைத் தீட்டினாரே என்று வினவலாம். அதனைக் குறை கூறுவாரில்லை. ஏனெனில் அஃது ஆவணமெனத் தன்னைக் கூறிக்கொள்ளவில்லை. எனவே குறை கற்பனையின்பாற்பட்டதன்று; 'மீட்டுருவாக்கம்' என்ற பெயரின்பாற்பட்டது. பொழுதுபோக்காக வரையப்பட்ட அம்பாசிடர் படம் எவர்க்கும் தீங்கு செய்வதன்று. அதுவே ஆய்வேட்டிலோ அருங்காட்சியகப் பட்டியலிலோ இடம்பெறுமாயின் நிலை வேறாகும். பதிப்பாசிரியர் தம் ஊகத்தை அடைப்புக்குறிக்குள் இட்டுக் காட்டவியலும். இப்படத்தில் எப்பகுதி சான்றுடையது, எப்பகுதி ஊகம் என்று வினவினால் விடை கூறுவாரில்லை. கருவியிடத்தும் அப்பகுப்பு இல்லை. அப்படமே நாளை மற்றொரு கருவிக்குக் கற்கும் பாடமாகவும் அமையக்கூடும்.