மேசைமேல் முதலில் தராசு

அமெரிக்காவின் ஒஹாயோ, இந்தியானா, இல்லினாய், அயோவா மாநிலங்களில் நிலம் தட்டையானது. சோளக்கொல்லைகளுக்கு நடுவே பண்ணை வீடுகள், அவற்றுக்கிடையே சாலைகள். குறி தவறிய ரைஃபிள் குண்டு வெகுதூரம் போய் யார் வீட்டுச் சுவரிலாவது பாயும் என்பதால், அங்கே மான் வேட்டைக்குப் பல பத்தாண்டுகள் பெரும்பாலும் ஷாட்கன்தான். சிதறும் ரவை மானைக் கொல்லாமல் காயத்தோடு ஓடவிடலாம். ஆகவே ஒற்றை ஈயக்குண்டான ஸ்லக். ஜெர்மனியில் வில்ஹெல்ம் பிரென்னகே 1898-இலும், அமெரிக்காவில் கார்ல் ஃபாஸ்டர் 1931-இலும் வடிவமைத்த இரண்டு குண்டுகளின் வழிவந்தவையே இன்று புழங்கும் ஸ்லக்குகளில் பல. கடந்த இருபது ஆண்டுகளில் இம்மாநிலங்கள் சில வகை ரைஃபிள் தோட்டாக்களுக்கும் இடம் கொடுத்துவிட்டன. ஆனாலும் பழைய துப்பாக்கியை விடாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் சுட்ட கூடுகளைப் பொறுக்கி வந்து வீட்டிலேயே மறுபடி நிரப்பிக்கொள்கிறார்கள். சொந்த உபயோகத்துக்கு அது அங்கே சட்டப்படி செல்லும். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.

இந்த வேலையில் இறங்குகிறவர் கேட்கும் முதல் கேள்வி, எந்த இயந்திரம் வாங்குவது என்பது. கேள்வியே இடம் மாறி நிற்கிறது என்று நினைக்கிறேன். எத்தனை தோட்டா வேண்டும் என்பதைத்தான் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். களிமண் தட்டுகளைச் சுடும் போட்டியாளருக்கு வாரத்துக்கு நூற்றுக்கணக்கில் தேவைப்படும். கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் எல்லாக் கட்டங்களும் ஒரே நேரத்தில் நடக்கும் பெரிய இயந்திரம் அவருக்கு நியாயமான செலவு. மான் வேட்டைக்காரர் ஒரு பருவத்தில் சுடும் ஸ்லக்குகளைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். பயிற்சியையும் சேர்த்தால் சில டஜன். அவருக்கு வேகம் எந்த வகையிலும் உதவாது. விஸ்கான்சினில் தயாராகும் லீ லோட்-ஆல், மெக் 600 ஜூனியர் போன்ற, ஒரு நேரத்தில் ஒரு கூட்டை மட்டும் கையாளும் எளிய இயந்திரமே போதும். விலை குறைவு என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நின்று பார்க்க அது இடம் தருகிறது.

எதைப் பார்க்க வேண்டும்? மருந்தைப் பற்றவைக்கும் பழைய பிரைமரைத் தட்டி எடுத்து, புதியதைப் பொருத்தி, கூட்டுக்குள் மருந்தைக் கொட்டியாயிற்று. அதன்மேல், மருந்தையும் குண்டையும் பிரிக்கும் பிளாஸ்டிக் வாட் இறங்கியதும் மருந்து மறைந்துவிடும். அதற்குப் பிறகு உள்ளே ஒரு பங்கு இருக்கிறதா, இரண்டு பங்கா, ஒன்றுமே இல்லையா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. இரண்டு பங்கு விழுந்திருந்தால் குழல் பிளக்கலாம். பங்கு விழாமலோ குறைந்தோ போனால் வாட் குழலுக்குள்ளேயே சிக்கும். அதைக் கவனிக்காமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் அப்போதும் குழல் பிளக்கலாம். குழலைத் தாங்கியிருப்பது இடது கை. ஆகவே மருந்து கொட்டிய கூடுகளைத் துளையிட்ட மரப்பலகையில் வரிசையாக நிறுத்தி, டார்ச் அடித்து ஒவ்வொன்றுக்குள்ளும் மருந்து ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பார்த்த பிறகே வாட்டைத் தொட வேண்டும். அந்தப் பலகையை வீட்டில் கிடக்கும் மரத்துண்டில் செய்துகொள்ளலாம். இயந்திரத்துக்கு இணையான கருவி அது.

அதற்கும் மேலே தராசு. இந்தத் தொழிலில் மருந்தை கிரெயின் கணக்கில் நிறுப்பார்கள். ஒரு கிரெயின் 64.8 மில்லிகிராம், பொற்கொல்லர்கள் அந்நாளில் எடைக்கு வைத்த குன்றிமணியில் ஏறத்தாழப் பாதி. இயந்திரத்தோடு வரும் புஷ்ஷிங் என்ற சிறு குழாய் மருந்தை நிறுப்பதில்லை, கொள்ளளவில் அளக்கிறது. இந்த எண் புஷ்ஷிங்கில் இந்த மருந்து இவ்வளவு விழும் என்று அட்டவணை சொல்லும். மேசையில் விழுவது அதற்குக் கூடவோ குறைவாகவோதான் பெரும்பாலும் இருக்கும். கைப்பிடியை இழுக்கும் வேகம், மேசையின் அதிர்வு, ஏன், டப்பாவில் மருந்து எவ்வளவு மிச்சம் என்பதுகூட அளவை மாற்றும். அட்டவணையை நம்பித் தராசைத் தவிர்க்கிறவர், தன் கையில் இருப்பது எவ்வளவு என்று தெரியாமலேயே நிரப்புகிறார். வழக்கமான 12 கேஜ் (குழல் அகலத்தின் அளவு) தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்தரம் வைத்திருக்கும் அழுத்த உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு; .30-06 ரைஃபிளுக்கோ 60,000. ஷாட்கன் குழலின் சுவர் அந்தக் குறைந்த அழுத்தத்துக்கென்று மெல்லியதாகச் செய்யப்பட்டது. மின்னணுத் தராசு வாங்கினால் கூடவே சோதனை எடைக்கற்களையும் வாங்க வேண்டும். மின்விசிறிக் காற்றிலும், பக்கத்தில் வைத்த கைபேசியாலும்கூட அதன் எண் நகரும். கோல் தராசு மெதுவானதுதான். மெதுவாகச் செய்ய வேண்டிய வேலையில் அதைக் குறையென்று சொல்ல மாட்டேன்.

அடுத்து புத்தகம். ஷாட்கன் தோட்டாவில் கூடு, பிரைமர், மருந்து, வாட், குண்டு ஐந்தும் சேர்ந்தே அழுத்தத்தைத் தீர்மானிக்கின்றன. பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும் இரண்டு கூடுகளின் உள்ளளவு வேறாக இருக்கும். மருந்தை மாற்றாமல் பிரைமரை மட்டும் மாற்றினாலும் அழுத்தம் கணிசமாக ஏறிவிடலாம். அதே எடையுள்ள ரவைக்குச் சொன்ன அளவை ஸ்லக்குக்கு எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஸ்லக்குக்கென்று ஆய்வுக்கூடத்தில் சோதித்த பட்டியல் வேண்டும். லைமன், ஹாட்ஜ்டன் போன்றவர்கள் அப்படிப்பட்ட கையேடுகளை வெளியிடுகிறார்கள். கையேட்டில் இருக்கும் ஐந்தையும் அப்படியே வாங்க முடியாவிட்டால் அந்தத் தோட்டாவைச் செய்யாமல் விடுவதே சரி.

கூட்டைப் பற்றி இன்னொன்று. அளவில் சிறிய 20 கேஜ் தோட்டா 12 கேஜ் துப்பாக்கியில் தவறிப் போனால் வெளியே விழாது. முன்னோக்கி வழுக்கிக் குழலில் சிக்கி நிற்கும். அறை காலியாகத் தெரிவதால் பின்னால் ஒரு 12 கேஜ் தோட்டாவையும் போட முடியும். அதனால்தான் 20 கேஜ் கூடுகளுக்கு மஞ்சள் நிறம் வைத்தார்கள். வீட்டில் இரண்டு துப்பாக்கியும் இருந்தால் இரண்டுக்கும் ஒரே மேசையில் ஒரே நாளில் நிரப்ப வேண்டாம்.

வாயை மூடும் கருவி எந்த ஸ்லக் என்பதைப் பொறுத்தது. லீ நிறுவன அச்சில் வார்க்கும் ஸ்லக் சாதாரண ரவை வாட்டுக்குள்ளேயே உட்காருமாறு அமைந்தது. இயந்திரம் மடிக்கும் வழக்கமான மடிப்பே போதும். மற்ற பல வகைகளுக்கு விளிம்பை உள்நோக்கிச் சுருட்டும் தனிக்கருவியைத் துளைப்பானில் மாட்ட வேண்டியிருக்கும்.

அச்சு வாங்கினால் ஈயம் உருக்கும் பாத்திரமும் வீட்டுக்குள் வரும். நான் தயங்குவது இங்கேதான். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். உருகிய ஈயத்தில் ஈரமான ஈயத்துண்டு விழுந்தால் நீர் நொடியில் ஆவியாகி ஈயத்தை முகத்தில் அள்ளி எறியும். கண்ணாடியும் கையுறையும் அதற்குக் காவல். தூசுக்கு அந்தக் காவல் போதாது. மேலே மிதக்கும் கசடை வழித்தெடுக்கும்போது பறக்கும் ஈயத்தூசு சட்டையிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டு கூடத்துக்கு வருகிறது, தவழும் குழந்தையின் கைக்கும் வருகிறது. குழந்தைகளின் ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே கவனிக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2021-இல் வரம்பைத் தாழ்த்தியது. அதற்குக் கீழேயும் பாதுகாப்பான அளவென்று ஒன்று கண்டறியப்படவில்லை. சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் இந்தப் பாத்திரம் வேண்டாம். வார்த்த ஸ்லக்குகள் விலைக்குக் கிடைக்கின்றன. சில டஜனுக்காக உலை மூட்ட வேண்டியதில்லை.

கடைசியாக ஒட்டுத்தாளும் பேனாவும். நிரப்பிய ஒவ்வொரு பெட்டியிலும் தேதி, கூடு, பிரைமர், மருந்து, அதன் எடை, வாட், ஸ்லக் எல்லாவற்றையும் எழுதி ஒட்ட வேண்டும். நிரப்பியவர் ஒருநாள் இருக்க மாட்டார். பெட்டி மகனிடமோ மருமகளிடமோ போய்ச் சேரும். அடுத்தவர் நிரப்பிய தோட்டாவைச் சுடாதே என்பது இந்த வட்டாரத்தில் எல்லோரும் ஏற்ற விதி, தகப்பன் நிரப்பியதற்கும் அதுவே பொருந்தும். அந்த எழுத்து அவர்கள் சுடுவதற்காக அல்ல. தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் பிரிக்கச் சொல்லும்போது, உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.