தாங்கும் அளவும் ஏற்றும் கையும்

"தாங்குகிறவன் தலையில்தான் ஆண்டவன் சுமையை வைப்பான்" என்று சொல்லித் துயருற்றாரைத் தேற்றும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக இருந்து வருகிறது. பேராக் மாநிலத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தோர், இழவு விழுந்த வீட்டிலும், கடன் முற்றிய வீட்டிலும், தோட்டம் கைமாறி லயத்தைக் காலி செய்யும்படி ஆணை வந்த வீட்டிலும் இவ்வாசகத்தைக் கேட்டிருப்பார்கள். சொல்லுகிறவர் பெரும்பாலும் நல்லெண்ணத்தோடுதான் சொல்லுகிறார். ஆயினும், ஜீவனின் சக்தியை முன்னரே அளந்து அதற்கேற்பத்தான் ஈசுவரன் வினைப்பயனை ஊட்டுகிறானா, அன்றி, நடந்து முடிந்த அநியாயத்துக்கு நாம் பின்னால் கட்டிவிடும் சமாதானம்தானா அது என்னும் வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. தத்துவ நூல்கள் இதற்கு விடை கூறுகின்றன. அவற்றுக்கு முன்பாக, வாசகர் பொறுப்பாராயின், டிரெய்லர் என்று நாம் வழங்கும் இழுவண்டியின் டயரைச் சற்றே பார்க்க விரும்புகிறேன்.

தைப்பூசம் நெருங்கும்போது ஈப்போவைச் சுற்றியுள்ள பழைய தோட்டங்களைச் சேர்ந்த இளைஞர்கள் தண்ணீர்ப்பந்தல் போடப் புறப்படுவார்கள். பிக்கப் வண்டியின் பின்னால் ஒற்றை அச்சும் இரண்டு சக்கரமும் உடைய ஓர் இழுவண்டியைப் பூட்டி, தண்ணீர்த் தொட்டி, அரிசி மூட்டை, அண்டா, அடுப்பு, எரிவாயுத் தோம்பு, கூடாரக் குழாய், காவடிச் சட்டம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் அதில் ஏற்றுவார்கள். மெங்லெம்புவில் ஒரு டயர்க் கடையில் இப்படிப்பட்ட வண்டி ஒன்று நிற்கக் கண்டேன். பழைய காரிலிருந்து கழற்றிய டயர்களை அதற்கு மாட்டியிருந்தார்கள். கடைப் பையன் குந்தியிருந்து, ஈரத்துணியால் டயரின் பக்கச் சுவரைத் துடைத்துவிட்டு, அதில் புடைத்து நின்ற எழுத்துகளை விரலால் தடவிக் காட்டினான். அளவைக் குறிக்கும் எண்களுக்குப் பின்னால் 91 என்று ஓர் எண். "தலைவரே, இது 615 கிலோ டயரு. அதுவும் காருக்கு. நீங்க ஏத்தியிருக்கறது எவ்வளவுன்னு நிறுத்தீங்களா?" என்று குழுத் தலைவரைக் கேட்டான். தலைவர் நிறுக்கவில்லை. முருகன் காரியம், ஒன்றும் ஆகாது என்றார்.

கணக்கு அப்படி ஒன்றும் கடினமானதன்று. இரும்புச் சட்டமும் அச்சுமாக வண்டி 500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ ஆதலின், 400 லிட்டர்த் தொட்டி 400 கிலோ. மற்றவை 600. ஆக 1,500 கிலோ. இதில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு இழுக்கும் வண்டியின் கொக்கியில் இறங்குமென்றாலும், எஞ்சிய ஏறத்தாழ 1,300 கிலோவை இரண்டு டயர்கள் சுமந்தாக வேண்டும். அதாவது ஒன்றுக்கு 650. கார் டயரை இழுவண்டிக்கு மாட்டும்போது, அதன் தாங்குதிறனை 1.1-ஆல் வகுத்துக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது அமெரிக்க விதி. அவ்விதிப்படி 615 என்பது 559 ஆகிவிடுகிறது. அதற்கு மாற்றாகப் பையன் எடுத்துக் காட்டியது சிறுலாரிகளுக்கு உரிய 14 அங்குல டயர். அதில் 102/100 என்று இரண்டு எண்கள் இருந்தன. தனியாக மாட்டினால் 850 கிலோ, ஒரே பக்கத்தில் இரண்டிரண்டாகச் சேர்த்து மாட்டினால் ஒவ்வொன்றும் 800 கிலோ என்பது அவற்றின் பொருள். கூடிச் சுமக்கும்போது ஒவ்வொருவரின் அளவும் ஏன் குறைய வேண்டும் என்று நாம் வியக்கலாம். சாலை நடுவில் மேடிட்டு ஓரத்தில் சரிந்திருப்பதால், சேர்ந்து சுமக்கும் இரண்டில் ஏதேனும் ஒன்று எப்போதும் தன் பங்குக்கு மேல் சுமந்துகொண்டிருக்கும்; டயர் செய்தவர்கள் அதை முன்கூட்டியே அறிந்து எண்ணைக் குறைத்து வைத்தார்கள். கூட்டுக் குடும்பத்தில் மூத்த மருமகளாக வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி நம் வினாவுக்கு வருவோம். சைவ சித்தாந்தம், வினைகளைச் சஞ்சிதம், பிராரப்தம், ஆகாமியம் என மூன்றாக வகுக்கிறது. பல பிறவிகளில் ஈட்டிக் குவிந்து கிடப்பது சஞ்சிதம். அதிலிருந்து இப்பிறவியில் நுகர்வதற்கென எடுத்து ஊட்டப்படும் பகுதி பிராரப்தம். அதை நுகரும்போதே புதிதாக நாம் செய்துகொள்வது ஆகாமியம். வினை சடமாதலின் தானே வந்து உயிரைப் பற்றாது. உயிர் சிற்றறிவுடையதாதலின் தனக்குரியதைத் தானே தேர்ந்து எடுக்க மாட்டாது. ஆகவே முதல்வன் ஒருவன் கூட்டுவிக்க வேண்டும் என்பது மெய்கண்டார் வழியில் வந்த ஆசிரியர்களின் வாதம். மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இது டயரின் எண்ணைப் பார்த்துச் சுமை ஏற்றுவது போன்ற ஏற்பாடாகவே தோன்றும். ஆனால் கூர்ந்து நோக்கின், சித்தாந்தம் சொல்வது அளவு ஒன்று உண்டு என்பதுதான். அந்த அளவு இவ்வுடல் நோகாமல் தாங்கும் அளவு என்று அது எங்கும் உறுதி கூறவில்லை. பிராரப்தம் தீரும்போது உடலே வீழ்கிறது. எனவே, "தாங்குகிறவனுக்கே கொடுப்பான்" என்னும் வாசகத்துக்குச் சாஸ்திரப் பிரமாணம் தேடுவோர், இருக்கும் கொள்கையோடு தம் ஆறுதலையும் சேர்த்து வாசிக்கிறார்கள் என்றே நான் கருதுகிறேன்.

டயரின் எண்ணுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. பக்கச் சுவரில் எழுதிய சுமை, குறித்த அழுத்தத்தில் காற்று நிறைந்திருந்தால் மட்டுமே செல்லும். அந்த அழுத்தமும் வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன் பார்த்ததாக இருக்க வேண்டும். காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அளவு மீறி நெளிகிறது, நெளிவு உஷ்ணமாகிறது, உஷ்ணம் உள்ளிருக்கும் இழைகளையும் ரப்பரையும் பிரிக்கிறது. அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற நேர்ந்தபோது எழுந்த பெரும் விவாதங்களுள் ஒன்று, வண்டி செய்த ஃபோர்டு நிறுவனம் குறித்துக் கொடுத்த 26 பி.எஸ்.ஐ. அழுத்தம் போதுமா என்பதே. அளவு மீறிச் சுமந்த டயர் அன்றே வெடிப்பதும் அரிது. பிறகு ஒரு நாள், சுமை குறைவாகவே உள்ள வேளையில், தாப்பாவுக்கும் கோப்பெங்குக்கும் இடையே எங்கேனும் கிழிந்து தொங்கும். ஓட்டுகிறவன், "இன்றைக்கு ஒன்றுமே ஏற்றவில்லையே" என்று திகைப்பான். வயதும் ஒரு சுமைதான். எந்த வாரம், எந்த ஆண்டு செய்யப்பட்டது என்பதை நான்கு இலக்கங்களில் பக்கச் சுவரிலேயே பொறித்திருப்பார்கள். ஓடாமல் வெயிலில் கிடந்த டயரிலும் மயிரிழை வெடிப்புகள் காணும். மனிதனின் தாங்குசக்தியும் இத்தகையதே: உணவு, உறக்கம், ஆதரவாக ஒரு சொல் ஆகியவை நிறைந்திருக்கும்போது உள்ள பலத்தைக் கண்டுவிட்டு, அவை வற்றிய நாளிலும் அதையே எதிர்பார்ப்பவர் அவனை அறிந்தவர் ஆகார்.

பேராக்கில் நின்றுகொண்டு டயரைப் பற்றிப் பேசுகிறவன் கோலகங்சாரை மறக்க முடியாது. 1877-ஆம் ஆண்டில் அங்கே நடப்பட்ட ரப்பர்க் கன்றுகள் இந்நாட்டின் தொடக்ககால மரங்களைச் சேர்ந்தவை. அவற்றுள் ஒன்று இன்றும் நிற்கிறது. 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்த பிறகு உலகம் ரப்பருக்கு அலைந்தது. அதற்காக நம் முன்னோர் கப்பலேறி வந்தனர். விடியுமுன் பனியில் நெற்றி விளக்கோடு நிரை நிரையாகப் பால் வெட்டினர். காண்டாக் கம்பின் இரு முனைகளிலும் வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து பால் கொட்டகைக்கு வந்தனர். சுமக்கும் டயருக்கான பால் முதலில் மனிதத் தோளின்மேல்தான் பயணம் செய்தது. அத்தோளுக்கு எண் பொறித்தவர் யார்? தன்கீழ் எத்தனை ஆள் அன்றாடம் வேலைக்கு இறங்கியதோ அத்தனைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு இருந்தது. ஆதலின் காய்ச்சலில் கிடப்பவனையும் எழுப்பிவிடுவது அவருக்கு லாபமாக இருந்தது. ஏற்றுகிறவனுக்கு ஏற்றத்தில் வருமானம் இருக்கும்போது, தாங்கும் அளவை அவன் தன் கண்ணால் காண மாட்டான். அந்த லயங்களில் "எல்லாம் தலைவிதி" என்று பேசப்பட்ட சுமையில் பெரும்பங்கு, ஆண்டவன் எடுத்து வைத்ததன்று; பெயரும் சம்பளமும் உடைய மனிதர்கள் எடுத்து வைத்தது. சித்தாந்தத்தின்படியே பார்த்தாலும், சுமந்தவனுக்கு அது பிராரப்தமாக இருக்கலாம். ஏற்றியவனுக்கோ அது புத்தம்புதிய ஆகாமியம்.

மயிலிறகேயானாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்றார் வள்ளுவர். மெலியார் என்று எண்ணிப் பலரையும் ஒருசேரப் பகைத்துக்கொள்ளும் அரசனுக்கு அது உரைக்கப்பட்டதென்பர் உரையாசிரியர்கள். அங்கே ஏற்றுகிறவனும் முறிகிறவனும் ஒருவனே. தோட்டத்தில் ஏற்றியவர் ஒருவர், முறிந்தவர் வேறொருவர். இவ்விரண்டையும் பிரித்தறியாத தத்துவம், எத்துணைச் சாஸ்திரப் பெயர்களைச் சூடினாலும், விவேகமுடையதாகாது.

யாரும் ஏற்றாமலே வந்து விழும் சுமையும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஈப்போவில் காவடிகள் சென்று சேரும் கல்லுமலைக் கோயில் அமைந்த அதே குனோங் சீரோ மலையில், 1973 அக்டோபரில் சுண்ணாம்புப் பாறை ஒன்று பெயர்ந்து அடிவாரத்து நெடுவீட்டின்மேல் சரிந்தது. ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். அவர்களின் உற்றாரைப் பார்த்து, தாங்கக்கூடியவர்கள் என்பதால் கொடுத்தான் என்று சொல்ல யாருக்கு நா எழும்? அத்தகைய இடத்தில் மௌனமாக உடனிருப்பதே சமயம். விளக்கம் சொல்லப் புகுவது அடாத செயல்.

புந்தோங்கிலிருந்து அம்மலைக்குக் காவடி சுமந்து நடக்கிறவன் தன் சுமையைத் தானே வேண்டிக்கொண்டவன். விரதம் இருந்து, உடலை ஆயத்தம் செய்து, பக்கத்தில் தாங்கிப் பிடிக்க உற்றாரை வைத்துக்கொண்டு நடக்கிறான். "இது என் பங்கு, நான் சுமப்பேன்" என்று சொல்லும் அதிகாரம் அவனுக்கு உண்டு. அடுத்தவன் தோளைக் காட்டி, "இது உன் பங்கு, உன்னால் முடியும்" என்று சொல்லும் அதிகாரம் எந்த முதலாளிக்கும், எந்த மாமியாருக்கும், எந்தக் கோயிற் குழுத் தலைவருக்கும் இல்லை. என் தீர்ப்பு இவ்வளவே: பிராரப்தம் என்னும் சொல் தன்மை இடத்தில் மட்டுமே பேசத்தக்கது.

இவ்வாண்டு தண்ணீர்ப்பந்தலுக்கு வண்டி கட்டும் அன்பர்கள், முருகன் பார்த்துக்கொள்வான் என்று அவன்மேல் அந்த வேலையையும் ஏற்றாமல், வண்டியை முழுச் சுமையோடு ஓர் எடைமேடையில் நிறுத்தி, இரு சக்கரங்களையும் தனித்தனியே நிறுத்துப் பார்த்து, அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்காவது மிச்சம் உள்ள டயரை மாட்டி, புறப்படும் காலையில் சக்கரம் குளிர்ந்திருக்கும்போதே காற்றைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.