கண்டதைக் கண்டபடி சொல்லுவோம்



வாடைக்காற்றோடு நம் கரைக்கு விருந்தாளிகள் வந்து சேருகிறார்கள். ஆவணி, புரட்டாதியில் தொடங்கி மாரி முடியும்வரை நிலாவெளி உப்பளங்களையும், குச்சவெளிக் களப்பின் ஓரங்களையும், கொட்டியாரக்குடாவின் சேற்றுத் தரைகளையும் சற்றே உற்றுப் பாருங்கள். உள்ளான்கள் கூட்டங்கூட்டமாய் மேய்ந்துகொண்டிருக்கும். ஆலாக்களும் கடற்காகங்களும் அலைமேல் வட்டமிடும். இவற்றுட் பல மத்திய ஆசியாவிலும் சைபீரியாவிலும் பிறந்தவை. அங்கே பனி மூடும்போது தெற்கு நோக்கிப் புறப்பட்டு, இமயத்தையும் இந்தியப் பெருநிலத்தையும் தாண்டி, இலங்கை வரை வந்து தங்குகின்றன. பங்குனி, சித்திரையில் மீண்டும் வடக்கே போய்விடுகின்றன. 2021 ஆம் ஆண்டு மன்னாரில் பிடித்து, சிறு கருவி பொருத்திப் பறக்கவிடப்பட்ட ஒரு கடற்காகம், ஏழாயிரம் கிலோமீற்றருக்கும் அதிகமாகப் பறந்து வடதுருவத்தை அடுத்த யமால் தீபகற்பத்தைச் சென்றடைந்ததைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர் கண்டறிந்தனர்.

ஆறுமணிக்குருவியை உங்களிற் பலர் அறிவீர்கள். அதுவும் இக்காலத்தில் இந்தியாவிலிருந்து வருகின்ற பறவைதான். கடல் தாண்டி வந்த களைப்பில் வீட்டு விறாந்தைகளிலும் முற்றங்களிலும் சில வேளை சோர்ந்து விழுந்து கிடக்கும். களைப்பு ஆறியபின், அந்தி மயங்கும் நேரத்தில் பற்றைக்குள்ளிருந்து குரல் கொடுக்கும். திரிகாலச் செபத்துக்குக் கோவில் மணி அடிக்கும் அதே வேளையில் அது கூவுவதைக் கேட்டுத்தான் நம் முன்னோர் அப்பெயரை இட்டார்கள். வானத்துப் பறவைகள் தாம் வரவேண்டிய காலத்தை அறிந்திருக்கின்றன, என் மக்களோ ஆண்டவரின் நீதியை அறியாதிருக்கிறார்கள் என்று இறைவாக்கினர் எரேமியா மனம் நொந்தார் (எரே 8:7). அந்த நோவு இன்றைக்கும் பொருந்துகிறதா என்று பார்ப்பதே இவ்வார நம் சிந்தனை.

இந்தப் பறவைகளைத் தேடிச் சென்று பார்ப்பதையே ஒரு தவமாகக் கொண்டவர்கள் நம் நாட்டில் உண்டு. வெள்ளையர் காலத்தில் பீரங்கிப் படை அதிகாரியாக இலங்கைக்கு வந்து, திருகோணமலையிலும் கடமையாற்றிய லெக் என்பவர், இத்தீவின் பறவைகளைப் பற்றி 1878 முதல் 1880 வரை பெரும் நூலொன்றை வெளியிட்டார். அதில் நமது ஊரின் பெயர் பலமுறை வருகிறது. 1943 இல் இலங்கைப் பறவைக் கழகமும், 1976 இல் இலங்கைக் களப் பறவையியல் குழுவும் தோன்றின. ஆண்டுதோறும் தை மாதத்தில் ஆசிய நாடுகள் பலவற்றிலும் நீர்ப்பறவைகளை எண்ணும் வேலை நடக்கிறது. நம் நாட்டிலும் இவர்கள் களப்புக் களப்பாய், குளம் குளமாய்ச் சென்று எண்ணுகிறார்கள். போர் நடந்த ஆண்டுகளில் வடக்குக் கிழக்கில் அவர்கள் கால் வைக்க முடியாத இடங்கள் பல. இன்று மீண்டும் போகிறார்கள். ஊர் இளைஞர்களும் தொலைநோக்கியும் கொப்பியுமாய் அவர்களோடு சேர்ந்து நிற்கிறார்கள்.

இவர்களுடைய மகிழ்ச்சி எல்லாம் அரிய பறவை ஒன்றைக் கண்டுவிடுவதில் இருக்கிறது. ஆயிரம் உள்ளான்களுக்கு நடுவே, வழி தவறி வந்த ஒன்று நிற்கக்கூடும். அதைக் காண்பது எளிதன்று. மாரிக்கால உடுப்பில் எல்லாமே சாம்பலும் மண்ணிறமுமாய் ஒன்றுபோல் தோன்றும். மணல் உப்புக்கொத்திகளில் இருவகை உண்டு. ஒன்றிலிருந்து மற்றதைப் பிரித்தறிய அலகின் நீளத்தையும் காலின் நீளத்தையும் நோக்க வேண்டும். வெயில் கண்ணில் அடித்தாலோ, நிறமே மாறித் தெரியும்.

ஆகவே அவர்கள் தமக்கென்று ஓர் ஒழுங்கை வகுத்துக்கொண்டிருக்கிறார்கள். எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், எவ்வளவு தூரம், வெளிச்சம் எப்படி, உடன் இருந்தவர் யார் என்பதை அந்த இடத்திலேயே எழுதிவிடுகிறார்கள். தலை, அலகு, இறக்கை, கால் என்று தாம் கண்ட அடையாளங்களை மட்டும் குறிக்கிறார்கள். பிறகு, பட்டறிவுள்ள மற்றவர்கள் அந்தக் குறிப்பை ஆராய்கிறார்கள். "இதைவிடச் சாதாரணமான வேறொரு பறவையாக இருக்க முடியாதா?" என்பதே அவர்கள் கேட்கும் முதற் கேள்வி. ஐயம் தீராவிட்டால், கண்டவர் எவ்வளவு பெரியவராயினும் அக்கூற்று பதிவேட்டில் ஏறாது. "இன்னதென்று தெரியவில்லை" என்று எழுதிவைப்பதில் எவரும் வெட்கப்படுவதில்லை.

நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாமலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1963 இல் சரணாலயமாகவும் 2003 இல் தேசியப் பூங்காவாகவும் ஆக்கப்பட்ட அந்தத் தீவுக்குப் பெயர் தந்தது அங்கே பாறை இடுக்குகளில் கூடு கட்டும் காட்டு மாடப்புறா. வீட்டுப் புறாக்களுக்கெல்லாம் மூதாதையான அந்தக் காட்டுப் புறா இலங்கையில் மிக அரிது. ஆனால் சந்தைக் கூரையில் தத்தும் புறாவும் அதேபோலத்தான் இருக்கும்! பட்டணத்தில் ஒரு புறாவைக் கண்டு, "அரிய பறவையைக் கண்டேன்" என்று எவராவது பறைசாற்றினால், பறவை அறிந்தவர் சிரித்துவிட்டுப் போவார். நோவாவும் புறாவை அனுப்பி, அது அலகில் ஒலிவ இலையைக் கொண்டுவரும்வரை காத்திருந்தார் என்று தொடக்க நூல் கூறுகிறது. இலையைக் கண்ட பிறகுதான் நீர் வற்றியதென்று அறிந்துகொண்டார். அதன் பின்னும் ஏழு நாள் பொறுத்தார்.

அன்பர்களே, ஒரு பறவையின் பெயரைச் சொல்வதற்கே இத்தனை கவனம். நம் அயலானின் பெயரைச் சொல்வதற்கு நாம் எவ்வளவு கவனம் எடுக்கிறோம்?

பொய்ச்சாட்சி சொல்லலாகாது என்பது எட்டாம் கட்டளை. நம்மிற் பலர் இதை நீதிமன்றத்துக்கு உரிய கட்டளை என்று எண்ணி, பாவசங்கீர்த்தனத்திற்கு ஆயத்தம் செய்யும்போது எளிதாய்க் கடந்துபோகிறோம். ஆனால் காணாததைக் கண்டதுபோலச் சொல்வதும், ஐயமானதை உறுதியானதுபோலச் சொல்வதும், பிறர் சொன்னதை ஆராயாமல் அடுத்தவருக்குக் கடத்துவதும் இக்கட்டளைக்குள் அடங்கியவையே.

பொய்க்குறிப்பு ஒன்று என்ன செய்யும் என்பதைப் பறவையியல் வரலாறே காட்டுகிறது. இந்தியாவில் ஒரு வகைக் காட்டுச் சிற்றாந்தை உண்டு. 1884 க்குப் பின் அதை எவரும் பிடித்ததாக மெய்யான சான்று இல்லை. மைனர்ட்ஸ்ஹேகன் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரியோ, 1914 இல் குஜராத்தில் அதைத் தாம் பெற்றதாகச் சீட்டு எழுதி வைத்திருந்தார். பெரிய மனிதர் அல்லவா? உலகம் நம்பியது. அவர் 1967 இல் இறந்து பல ஆண்டுகள் சென்றபின்தான் உண்மை வெளிவந்தது. நூதனசாலையிலிருந்து திருடிய பழைய பறவைத் தோலைப் பிரித்து, மறுபடி பஞ்சடைத்து, அதில் பொய்ச் சீட்டைக் கட்டியிருந்தார்! அமெரிக்க ஆய்வாளர் பமெலா றாஸ்முசன் அந்தச் சீட்டை ஒதுக்கிவிட்டு, மெய்யான பழைய குறிப்புகள் காட்டிய இடங்களுக்குத் துணைவர்களோடு சென்றார். 1997 கார்த்திகையில், மகாராஷ்டிரக் காட்டில், அந்த ஆந்தை பகல் வெளிச்சத்தில் மரக்கிளையில் உட்கார்ந்திருந்தது. 113 ஆண்டுகள் காணாமற் போனதாகக் கருதப்பட்ட பறவை! ஒரு மனிதனின் பொய் தேடுவோரைத் தவறான திசைக்கு அனுப்பக்கூடியதாய் இருந்தது. உண்மையின் வழியே சென்றவர்களுக்கோ அது கிடைத்தது.

ஆந்தையைப் பற்றிய பொய்யால் யாருடைய வீடும் எரியவில்லை. மனிதரைப் பற்றிய பொய் அப்படியல்ல. 2018 மாசி 26 ஆம் நாள் இரவு, நம் கிழக்கு மாகாணத்து அம்பாறை நகரில் என்ன நடந்தது? முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில், சாப்பாட்டில் மலடாக்கும் மாத்திரை கலக்கிறார்கள் என்ற கதை பரவியது. சாப்பாட்டில் கிடந்த சிறு கட்டி ஒன்றே அதற்குச் சான்று! மாத்திரையை ஆராய்ந்தவர் இல்லை. அப்படியொரு மாத்திரை உலகில் உண்டா என்று கேட்டவரும் இல்லை. உணவகம் தாக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. பின்னர் அரச பகுப்பாய்வாளர் சோதித்துப் பார்த்தபோது அது வெறும் மாக்கட்டி என்று தெரிந்தது. அதற்குள் கண்டி மாவட்டத்திலும் வேறொரு காரணத்தால் வன்முறை மூண்டு, நாடு முழுவதும் அவசரகால நிலை பிறப்பிக்கப்பட்டுவிட்டது. இதற்கு ஒரு மாதம் முன்னர்தான், பொய்ச் செய்திகளைப் பற்றித் திருச்சபைக்கு எழுதிய மடலில், முதற் பொய்ச் செய்தியைப் பரப்பியது ஏதேன் தோட்டத்துப் பாம்பே என்று திருத்தந்தை பிரான்சிஸ் சுட்டிக்காட்டியிருந்தார்.

"அது நாங்கள் செய்ததல்லவே" என்று நாம் சொல்லித் தப்ப முடியுமா? தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே சந்தையில் மீன் வாங்கி, ஒரே பஸ்ஸில் ஏறி, ஒரே வைத்தியசாலை வாசலில் காத்திருக்கும் ஊர் இது. இங்கே ஒரு சொல் வெடிமருந்துக்குச் சமம். 2006 சித்திரை 12 ஆம் நாள் திருகோணமலைச் சந்தையில் குண்டு வெடித்தபின், அதோடு தொடர்பே இல்லாத எத்தனை பேர் தாக்கப்பட்டார்கள் என்பதை இவ்வூரார் மறக்கமாட்டார்கள். 2019 உயிர்த்த ஞாயிறன்று நம் ஆலயங்களில் நம்மவர் இரத்தம் சிந்தியது. அந்தக் காயம் மெய்யானது. ஆனால் காயப்பட்ட மனத்துக்கு ஓர் ஆபத்து உண்டு. தன்னைக் காயப்படுத்தியவனின் இனத்தானைப் பற்றி எதைச் சொன்னாலும் அது நம்பத் தயாராக இருக்கும். "அவர்கள் இப்படித்தான்" என்ற கதை கைத்தொலைபேசியில் வந்தவுடன், விரல் தானாகவே அதை அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறது. பங்கு மக்களின் வாட்ஸ்அப் குழுக்களில் செபமும் வருகிறது. அதன் கீழேயே இத்தகைய கதையும் வருகிறது. இது நமக்குத் தகுமா?

சீராக்கின் ஞான நூல் இதற்கு நல்ல மருந்து தருகிறது (சீரா 19:13-15). நண்பனைப் பற்றியோ அயலானைப் பற்றியோ ஏதாவது கேள்விப்பட்டால், முதலில் அவனிடமே போய்க் கேள். ஒருவேளை அவன் அதைச் செய்யாமலே இருக்கலாம். காதில் விழுவதையெல்லாம் நம்பாதே என்பதே அதன் பொருள். களப்பின் ஓரத்தில் நிற்கும் பறவை நோக்குநரின் ஒழுங்கும் இதுவே அன்றோ!

எனவே, இத்திருவருகைக் காலத்தில் குடும்பமாக ஒரு முயற்சி செய்வோம். இரவுச் செபம் முடிந்தபின், பிறரைப் பற்றி அன்று நாம் பேசியதையும் அனுப்பியதையும் நினைத்துப் பார்ப்போம். நான் கண்டேனா, கேள்விப்பட்டேனா? எங்கே, எப்போது நடந்தது? வேறு சாதாரணக் காரணம் இருக்க முடியாதா? சம்பந்தப்பட்டவரிடம் கேட்டேனா? இவற்றுக்கு விடை இல்லாத செய்தி நம் வீட்டு வாசலைத் தாண்டாதிருக்கட்டும். ஏற்கெனவே தாண்டியிருந்தால், யாருக்கு அனுப்பினோமோ அவர்களுக்கே "அது தவறு" என்று சொல்லி அனுப்புவோம். திருடிய பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதுபோல, கெடுத்த நற்பெயரைத் திருத்திக் கொடுப்பதும் நம் கடமை. "எனக்குத் தெரியாது" என்று தகப்பன் சொல்லும் வீட்டில் பிள்ளைகள் உண்மையை மதிக்கக் கற்றுக்கொள்ளும்.

முடிந்தால், ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளை உப்பளத்தின் வரம்புக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒரு கொப்பியும் பென்சிலும் கொடுத்து, பறவை ஒன்றைப் பத்து நிமிடம் பார்த்து, கண்டதை மட்டும் எழுதச் சொல்லுங்கள். கல்லெறிய வேண்டாம், கூட்டத்தைக் கலைக்க வேண்டாம். கடல் கடந்து வந்த அவை இளைப்பாறட்டும். மறைக்கல்வி வகுப்பில் எட்டாம் கட்டளையை மனப்பாடம் செய்த பிள்ளை, அதை அங்கே கண்ணாலும் கையாலும் கற்றுக்கொள்ளும்.

பெத்லகேம் வயலில் இரவில் விழித்திருந்த இடையர்களை நினைவுகூருங்கள். வானதூதர் சொன்னதைக் கேட்டார்கள். கேட்டதோடு நிற்கவில்லை, போய்ப் பார்ப்போம் என்று எழுந்து விரைந்தார்கள். மரியாவையும் சூசையையும் தீவனத்தொட்டியில் கிடந்த குழந்தையையும் கண்டார்கள். அதன் பின்னரே பிறருக்குச் சொன்னார்கள் (லூக் 2:15-17). உலகம் கேட்ட மிகப் பெரிய செய்தி, போய்ப் பார்த்துவிட்டுப் பேசிய எளிய மனிதரின் வாய் வழியாக நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நம் வாயும் அத்தகைய வாயாகட்டும். உண்மையே வடிவான இயேசு ஆண்டவர் நம் கண்ணைத் தெளிவாக்கி, நாவைக் காத்து, இத்துறைமுகத்து மக்கள் அனைவரையும் ஒருவரையொருவர் நம்பி வாழச் செய்வாராக! ஆமென்.