எண்ணுவோர் அறம்

கொல்லாமை அறமென்பதை யாவரும் ஒப்புவர். பொய்யாக எண்ணாமையும் அறமோ? சிறு வினாவாகத் தோன்றும் இதனைச் சற்று ஆராய்வோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க நாட்டிலே கிறிஸ்துமஸ் நாளில் வேட்டைப் போட்டி நடத்தும் வழக்கம் இருந்தது. ஆடவர் அணிகளாகப் பிரிந்து, துப்பாக்கி ஏந்திச் சென்று, கண்ணிற்பட்ட பறவைகளையும் விலங்குகளையும் சுட்டு வீழ்த்துவர். எவ்வணியின் குவியல் பெரிதோ அவ்வணியே வென்றதாகும். 1900ஆம் ஆண்டில் பிராங்க் சாப்மன் என்னும் பறவையியல் அறிஞர், தாம் நடத்திய ‘பேர்டு-லோர்’ இதழின் வாயிலாக, பறவைகளைக் கொல்லாமல் கண்டு எண்ணுமாறு வேண்டினார். அவ்வாண்டு 27 பேர் 25 இடங்களில் எண்ணினர். இன்று பல்லாயிரவர் எண்ணுகின்றனர். தமிழ்நாட்டிலும் 2015 முதல் பொங்கல் நாட்களில் தன்னார்வலர் பறவைகளை எண்ணி வருகின்றனர்.

இம்மாற்றத்தில் ஒரு நுட்பம் உண்டு. செத்த பறவைகளின் குவியலை எவரும் மீண்டும் எண்ணிச் சரிபார்க்கலாம். உயிருள்ள பறவையோ பறந்து போய்விடும்; எஞ்சுவது கண்டவர் சொல் ஒன்றே. துப்பாக்கியைக் கைவிட்டவர் வாய்மையைக் கைக்கொண்டாக வேண்டும்.

பெருங்கூட்டமாய்ப் பறப்பவற்றை எண்ணுகையில் சில கூடலாம், சில குறையலாம். அது குற்றமன்று. ஆயின், காலை முழுதும் ஏரிக்கரையில் நின்றும் ஒன்றும் காணாதவர், வெறுங்கையோடு திரும்ப நாணி, சென்ற ஆண்டின் தொகையையே எழுதிவிட்டால்? “இதனால் யாருக்கு என்ன தீங்கு?” எனச் சிலர் வினவலாம்.

வட அமெரிக்காவில் 1970க்குப் பின் ஏறத்தாழ 290 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என்று 2019இல் அறிஞர்கள் கணக்கிட்டனர். அக்குறைவிற் பெரும்பங்கு, குருவியினம் போன்று எங்கும் காணப்படும் எளிய பறவைகளுடையது. தன்னார்வலர் பலர் ஆண்டுதோறும் குறைந்த தொகையைக் குறைந்தபடியே எழுதி வைத்ததனாலன்றோ இவ்வுண்மை வெளிப்பட்டது! அவரெல்லாம் நாணத்தால் பழைய தொகையையே எழுதியிருப்பின், அழிவு நலமாகத் தோன்றியிருக்கும். காக்க வேண்டியவரும் வாளாவிருந்திருப்பர்.

ஆதலின் பொய்க்கணக்கு தீங்கற்றதன்று. தனக்காகப் பேச இயலாத உயிருக்குரிய சாட்சியை அது கெடுக்கிறது. பறவை காணாத இடத்தில் ‘சுன்னம்’ என்று துணிந்து எழுதுபவர், நூறு கண்டு நூறு எழுதியவருக்குச் சிறிதும் தாழ்ந்தவர் அல்லர். எவரும் பார்த்திராத வேளையில் நாம் எழுதும் எண்ணே நமது ஒழுக்கத்தின் அளவாகும்.